நூல் பிடித்து அளந்த தூரம்

(கனடாக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

எங்கள் புவியியல் ரீச்சரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒருநாள் பூகோள உருண்டையோடும் ஒரு நூல்பந்தோடும் வகுப்புக்கு வந்தார். "படத்தில் நேராகத் தெரியிற கோடு குறுக்குவழி இல்லைப் பிள்ளையள். உருண்டையில் நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்கோ" என்றார்.

கனடாவுக்கு வந்த பிறகு நானும் அப்படி இழுத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணம் கிழக்கு நெட்டாங்கு 80 பாகை. ரொறன்ரோ மேற்கு நெட்டாங்கு ஏறத்தாழ 79½ பாகை. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். இருப்பதோ உலகின் இரு பக்கங்களில். கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பிடித்த நூல் இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா எனப் போய், ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, கிறீன்லாந்தைக் கடந்து இறங்குகிறது. சுமார் 14,000 கிலோமீற்றர்.

டுபாய் வழியாகச் சுற்றி வந்தாலும் கூடுவது சில நூறு கிலோமீற்றர்தான். ஆனால் நேரக் கணக்கு வேறு. ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்குப் பதின்மூன்று மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, பிறகு கட்டுநாயக்காவுக்கு நாலரை மணித்தியாலம், அதன்பின் யாழ்ப்பாணத்துக்கு வானில் ஏழெட்டு மணித்தியாலம். அங்கே மணிக்கூடும் எங்களை முந்தி ஓடுகிறது. வெள்ளி இரவு இங்கே ஏறினால் ஞாயிறு பின்னேரந்தான் வீட்டுப் படலை.

இந்தக் கணக்கை நான் ரீச்சரின் மரணத்தில்தான் படித்தேன். வியாழன் இரவு செய்தி வந்தது. மறுநாள் இரவே ஏறினேன். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் ஊரில் பிரேதத்தைப் பதப்படுத்தி வைத்துக் காத்திருப்பார்கள். ரீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. நான் போனபோது பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவரது மேசையில் நான் அனுப்பிய வாழ்த்து அட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் "அடுத்த வருடம் கட்டாயம் வருவேன்" என்று எழுதியிருந்தேன். பதினொரு அட்டைகள்.

சகோதரிகளே, செத்தவீட்டுக்கு என்று பயணத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். அந்தப் பயணத்தில் எந்த விமானமும் எங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஏ9 வீதி மூடிக் கிடந்த காலத்தில் போகமுடியாமல் இருந்தோம். அது எங்கள் குற்றமல்ல. இன்று வீதி திறந்திருக்கிறது. 2014 முதல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கு வந்தால் அங்கிருந்து நேரே பலாலியில் இறங்கலாம். இனிச் சாட்டுச் சொல்ல எங்களிடம் அதிகமில்லை.

எமக்குக் கற்பித்தவர்களில் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள். இருந்து கதைக்கக்கூடிய நாளில் போய்ப் பாருங்கள். போக முடியாதவர்கள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுங்கள். மாரியில் அப்போது அங்கே பின்னேரம் ஆறரை, கோடையில் ஐந்தரை. ரீச்சர்மார் ஆறுதலாக இருக்கும் நேரம் அது.