உழைச்செல்வார்க்கு உரிய ஊதியம்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, உழைச்செல்வானையும் ஓர் உறுப்பாக வைத்தார். 'உழை' என்பது பக்கம். பக்கத்திருந்து பேணுவார் இல்லையேல் ஏனை மூன்றும் பயன்படா. அவரையே இன்று செவிலியர் என்கிறோம். அவர்தம் ஊதியம் எங்கிருந்து வருகிறது? பிறர் ஊதியத்தின் அருகே எவ்வாறு நிற்கிறது?

ஊற்றுகள் மூன்று. முதலாவது, அரசின் வரிப்பணம்; நிலைப்பணியாளர்க்குக் காலமுறை ஊதியம் இதினின்று வருவது. இரண்டாவது, திட்டப்பணம். நாட்டு நலவாழ்வுத் திட்டத்தில் நடுவணரசு நூற்றுக்கு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் இடுகின்றன. இதில் அமர்த்தப் பெறுவோர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளரே. மூன்றாவது, தனியார் மருத்துவமனையில் நோயாளி தரும் கட்டணம்.

அண்மையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று நாள் படுத்திருந்தேன். இரவெல்லாம் விழித்து என்னைப் பேணியவர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி. அவரது திங்களூதியம், நான் படுத்திருந்த கட்டிலின் மூன்று நாட் கட்டணத்தினும் குறைவு! கணக்குச் சீட்டைப் பார்த்தேன். மருத்துவர் கட்டணம் தனி. ஆய்வுக் கட்டணம் தனி. மருந்து விலை தனி. செவிலியர் உழைப்புக்கு ஒரு வரியும் இல்லை. அது கட்டிற் கட்டணத்துள் மறைந்து கிடந்தது. வருவாயாகத் தோன்றாத உழைப்பு, முதலாளியின் கணக்கில் செலவாக மட்டுமே தோன்றும். செலவைக் குறைக்கும் கை அங்கேதான் முதலில் நீளும்.

செவிலியர் பணி தாழ்ந்த பணியோ? அன்று. நடுவணரசின் ஏழாம் ஊதியக் குழு ஏற்பாட்டில் 2016 முதல் செவிலியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 உருபா, தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு 35,400, காவலர்க்கு 21,700, கடைநிலைப் பணியாளர்க்கு 18,000. ஆசிரியனாகிய நான் இவ்வரிசையை முறையென்றே ஏற்கிறேன்.

ஆனால் நம் தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வெழுதி வென்று வந்த செவிலியர் ஆயிரக்கணக்கானோர்க்குக் கொடுத்த தொகுப்பூதியம் 7,700 உருபா. நாளொன்றுக்கு 257 உருபாவும் நிறையவில்லை! நிலைப்பணியாளர் செய்யும் அதே பணி. அதே இரவு விழிப்பு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் 14,000 உருபாவுக்கு அமர்த்தப் பெற்றோருள் ஏறத்தாழ 2,300 பேரின் ஒப்பந்தம் 2022 திசம்பர் 31-உடன் முடிவுற்றது. மாற்றுப்பணி தருவதாக அரசு சொல்லிற்று. ஆயினும், கைதட்டிப் போற்றிய நாடு அவர்களைத் தெருவில் நின்று கேட்க வைத்ததே!

தனியார் துறைக்கும் வழி காட்டப்பட்டுள்ளது. உச்சநயன்மன்றம் 2016-இல் பணித்தபடி அமைந்த வல்லுநர் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியர்க்கு ஒப்பான ஊதியம் தரவேண்டும் என்றது; 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 உருபாவுக்குக் குறையலாகாது என்றது. கேரளம் 2018-இல் அத்தொகையைக் குறைந்தளவு ஊதியமாக அறிவித்தது. பரிந்துரை ஏட்டில் இருந்தால் அடுப்பில் உலை கொதிக்குமா?

'செவிலியர் செய்வது தொண்டன்றோ? தொண்டுக்கு விலை பேசலாமோ?' என்பாருளர். தமிழறிந்தோர் இதற்கு மயங்கார். கூலமாகிய தவசத்தைக் கொடுத்ததால் 'கூலி' என்னும் சொல் பிறந்தது என்று பாவாணர் காட்டுவார். உழைத்தவர்க்கு உணவு என்பதே அச்சொல்லின் உட்பொருள். தொண்டு என்பது தானே விரும்பித் தருவது. பிறர் வயிற்றைச் சுருக்கிப் பெறுவது சுரண்டல். நல்ல சொல்லைத் தீய செயலுக்குப் போர்வையாக்குவதும் மொழிக்குச் செய்யும் கேடே.

எனவே, ஒரே பணிக்கு ஒரே ஊதியம். தனியார் மருத்துவமனைகளுக்குச் சட்டத்தால் வரையறுத்த ஊதியம். கணக்குச் சீட்டில் செவிலியர் உழைப்புக்குத் தனி வரி. இம்மூன்றையும் நாம் கேட்போம். வள்ளுவர் நான்கில் ஒருவராக வைத்தவரை நாம் கணக்கிலும் எழுதாமல் விடுவது தமிழர்க்கு அழகன்று.