களனியில் ஒரு மீன்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலையில் மின்விளக்குகள் ஒளிரும் வேளையில், களனி கங்கையின் அணைநீர் மலைநாட்டுச் சுழலிகளை நோக்கி மிகுந்து பாய்கின்றது. லக்சபானவில் 1950 முதல் மின்சாரம் பிறக்கின்றது. தேவை குறைந்ததும் நீரும் குறைந்துவிடும்.

கித்துல்கலைப் பகுதியில் வாழும் கெண்டையினம் ஒன்றுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1989 இல் விஞ்ஞானிகள் 'அசோகா' எனப் பெயரிட்ட அம்மீன், இயற்கையாகக் களனிப் படுகைக்கே உரியது. பாறைகளிடையே விரைந்தோடும் நீரே அதன் இல்லம். அண்மையில் எழுந்த புரோட்லன்ட்ஸ் அணையோ அப்பகுதி ஆற்றுநீரைச் சுரங்கவழி திருப்புகின்றது.

நீர் தேங்குவது மத்திய மாகாணத்தில். மீன் வாழ்வது சப்பிரகமுவவில். ஒளி பெறுவது மேல் மாகாணத்து நாம். எந்நேரமும் ஆற்றில் போதிய நீர் ஓடவேண்டுமெனப் பொறியியலாளரிடம் நாமே கேட்கவேண்டும். அதனால் மின்சாரம் சற்றுக் குறையலாம், குறையட்டுமே!