கோழிக்கூண்டில் ஒரு ஸ்டூடியோ

கல்கத்தாவில் பிறந்தவர் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன். 1863-இல், அவருக்கு 48 வயதானபோது, மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கித் தந்தார்கள். பொழுது போகட்டுமே என்றுதான்!

இங்கிலாந்தின் வைட் தீவில் வீடு. நிலக்கரி அறை இருட்டறை ஆயிற்று. கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகள்? அவிழ்த்துவிட்டோம், யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அம்மாளே எழுதி வைத்திருக்கிறார்.

அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போகும். எதிரே உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையக்கூடாது. கவிஞர் டென்னிசனும் தப்பவில்லை, டார்வினும் தப்பவில்லை.

படம் மங்கல், ஃபோகஸ் சரியில்லை என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அம்மாள் மசியவில்லை. தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திக்கொள்வாராம். அந்த மங்கலைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன.

இந்தத் திறமை அதுவரை எங்கே இருந்தது? விருந்து உபசாரத்திலும் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதுவதிலும் செலவழிந்த அதே வேகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1875-இல், கணவருடைய காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே குடிபோனார். கேமராவும் கூடவே கப்பலேறியது.