கராஜில் ஓர் அறை: இலண்டன் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

(இலண்டனில் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஹரோ, வெம்பிளி, இல்போர்ட், ஈஸ்ட்ஹாம், குரொய்டன் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கராஜுக்குள் கார் விடுவோர் மிகச் சிலரே. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்ட வீடுகளின் கராஜ்கள் அக்காலத்துச் சிறிய கார்களுக்கானவை. இன்றைய கார் உள்ளே நுழைந்தாலும் அதன் கதவைத் திறக்க இடமிராது. ஆகவே அரிசி மூட்டைகளும், பயணப் பெட்டிகளும், பெரிய சமையற் பாத்திரங்களும் அங்கே குடியேறுகின்றன. பின்னர் ஒரு நாள் வீட்டில் எவரோ ஒருவர், இதை ஓர் அறையாக்கினால் என்ன என்று கேட்கிறார்.

அவ்வெண்ணம் பெரும்பாலும் மூன்று தேவைகளில் ஒன்றிலிருந்தே பிறக்கிறது. படியேற முடியாத அம்மம்மாவுக்குக் கீழ்மாடியில் ஓர் அறை வேண்டும். அல்லது மணமுடித்த மகனுக்கு வெளியே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அல்லது வீட்டுக் கடனைக் கட்டுவதற்கு மாத வாடகை தேவைப்படுகிறது. சுவரும் கூரையும் ஒன்றேயாயினும், இம்மூன்றையும் சட்டம் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. பல குடும்பங்கள் தவறுவது இங்கேதான்.

ஊரில் வளவு தமது, கிணறு தமது, வீட்டோடு ஒரு பத்தி இறக்குவதற்கு மேசனை அழைத்தாற் போதும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் பலர். இங்கிலாந்தில் நிலம் ஒருவருக்குச் சொந்தமாயினும், அதில் கட்டும் உரிமையும் அதன் பயன்பாட்டை மாற்றும் உரிமையும் 1947-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல் அரசின் கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. இன்று நடைமுறையிலுள்ளது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 55-ஆவது பிரிவின்படி, கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் கணிசமாக மாற்றாத உள்வேலைகள் ‘அபிவிருத்தி’ ஆகா. கராஜ் கதவை எடுத்துவிட்டு, வீட்டின் செங்கல்லையொத்த கல்லால் சுவரெழுப்பி யன்னல் வைப்பது பெரும்பாலும் 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதிக் கட்டளைக்குள் அடங்கும். எனவே வீட்டுடன் ஒட்டிய கராஜை அக்குடும்பமே பயன்படுத்தும் அறையாக்க, ‘பிளானிங் பேர்மிஷன்’ எனப்படும் திட்டமிடல் அனுமதி பெரும்பாலும் தேவையில்லை.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் எழுந்த குடியிருப்புத் தொகுதிகள் பலவற்றுக்கு அனுமதி வழங்கியபோது, கராஜை வாகனத் தரிப்புக்கு மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று கவுன்சில்கள் நிபந்தனை விதித்தன. அந்நிபந்தனை வீட்டை அன்று வாங்கியவரை மட்டுமன்றி இன்று வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் பிற இடங்களிலும், ‘நான்காம் உறுப்புரைப் பணிப்பு’ என்ற கட்டளை மூலம் கவுன்சில் பொது அனுமதியை மீளப் பெற்றிருக்கக் கூடும். தொடர்மாடி வீடுகளுக்கு அந்தப் பொது அனுமதி பொருந்தாது. அயல்வீட்டார் செய்தார், தாமும் செய்யலாம் என்பது ஒரு வாதமே அன்று. வீட்டின் பழைய அனுமதிப் பத்திரங்களைக் கவுன்சிலின் இணையத்தளத்தில் தேடலாம். அங்கு இல்லாதவற்றைக் கவுன்சிலிடம் கேட்டுப் பெறலாம். இவ்வேலையை வீட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழக மாணவரே செய்துவிடலாம். ஐயம் தீராவிடின், வேலை தொடங்குமுன் 192-ஆவது பிரிவின் கீழ்ச் சட்டபூர்வ அபிவிருத்திச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நன்று. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்பதும் இத்தகைய தாள்களையே.

அந்த அறைக்குச் சமையலறை, குளியலறை, தனி வாசல் ஆகியவற்றையும் சேர்த்தால் என்னவாகும்? 1992-இல் பதிவான அட்டில்ஸ்போர்ட் வழக்கில் ஒரு முக்கிய கோட்பாடு தெளிவாயிற்று. முதிய உறவினர் ஒருவர் தனித்து வாழப் போதுமான வசதிகள் ஓரிடத்தில் இருந்தாலும், அவர் குடும்பத்தோடு சேர்ந்தே வாழ்கையில், அவ்விடம் அதனால் மட்டும் தனி வீடாகிவிடாது. உண்மை நிலையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதே அது. அம்மம்மா பகலில் பேரப்பிள்ளைகளுடன் இருந்து, ஒரே மேசையில் உண்டு, இரவில் அங்கே உறங்கினால் அது ஒரே வீடு. அதே இடத்தை அந்நியர் ஒருவருக்குத் தனி வாசலுடன் வாடகைக்குக் கொடுத்தால், அது இரண்டாவது வீடாகும்; அதற்குத் திட்டமிடல் அனுமதி கட்டாயம் தேவை.

இனி, திட்டமிடலைவிட அதிகம் புறக்கணிக்கப்படும் ஒன்று: கட்டட ஒழுங்குவிதிகள். ‘பிளானிங் தேவையில்லை’ என்று கேட்டதும் எதுவுமே தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது முற்றிலும் தவறு. கராஜை வாழும் அறையாக்கும் எவரும் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ, பதிவுபெற்ற தனியார் அங்கீகரிப்பாளருக்கோ அறிவித்தாக வேண்டும். காரணம் எளிது. கராஜ் மனிதர் உறங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. அதன் சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் அடுக்கு. குளிரும் ஈரமும் நேராக உள்ளே வரும். தரையின் கீழே ஈரத்தடுப்பு இராது. கதவிருந்த இடத்தில் எழுப்பும் சுவருக்கு அடியில் போதிய அத்திவாரம் இல்லாதிருக்கக் கூடும். பல வீடுகளில் எரிவாயுக் கொதிகலனும் மின்மானியும் அங்கேயே உள்ளன.

எல்லாவற்றிலும் பாரதூரமானது நெருப்பு. தரைமாடியிலுள்ள அறை வெளிவாசலுக்கு இட்டுச்செல்லும் நடைக்குள் திறக்க வேண்டும். அன்றேல் தப்பிச் செல்லக்கூடிய யன்னலாவது இருக்க வேண்டும். அவ்யன்னலின் திறப்பு 0.33 சதுர மீற்றருக்குக் குறையாமலும், அகலமும் உயரமும் ஒவ்வொன்றும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், திறப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி கூறுகிறது. சமையலறையினூடாக மட்டுமே வெளியேறக்கூடிய, யன்னலற்ற ஓர் அறையில் எழுபது வயதுத் தாயையோ பத்தொன்பது வயது மாணவனையோ உறங்க வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை இந்த எண்கள் உணர்த்தும்.

வாடகை பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். கொட்டில்களிலும் கராஜ்களிலும் சட்டவிரோதமாக ஆட்களைக் குடியமர்த்தும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த 2012-இல் மத்திய அரசு நியூஹாம், ஈலிங், பிரென்ட் உட்பட ஒன்பது சபைகளுக்கு 18 இலட்சம் பவுண்டுகள் ஒதுக்கியது. இலண்டனை அடுத்துள்ள ஸ்லவ் சபை 2013-இல் வெப்பத்தைக் கண்டறியும் கருவி பொருத்திய விமானத்தைப் பறக்கவிட்டு, குளிர்காலத்தில் சூடாக இருந்த கொட்டில்களைத் தேடியது. அமுலாக்கல் அறிவித்தலை மீறிக் குற்றவாளியாகக் காணப்பட்டவர்களிடமிருந்து, 2002-ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டத்தின் கீழ், பெற்ற வாடகையையே பறிமுதல் செய்விக்கும் வழியைப் பிரென்ட் போன்ற சபைகள் கையாண்டுள்ளன. தண்டப் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு அது பேரிடியாயிற்று. இத்தகைய அறைகளில் தங்குபவர் பலவேளைகளில் ஊரிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைகளே. முறையிடத் தெரியாதவர்கள், அல்லது அஞ்சுபவர்கள். ஊரவர் என்ற உரிமையில் கொடுக்கப்படும் அறைக்குப் புகை எச்சரிக்கைக் கருவியாவது இருக்கிறதா என்று கொடுப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

முறைப்பாடு அநேகமாக அயலவரிடமிருந்தே போகும். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைக்கு இலண்டனும் விலக்கன்று. பின்னர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும். அதை இலாச்சிக்குள் போடுவது மிகப் பெரிய பிழை. திட்டமிடல் மீறல் பற்றிய வினாப் பத்திரத்துக்கு 21 நாட்களுக்குள் பதிலளிக்காவிடில் அதுவே குற்றம். அமுலாக்கல் அறிவித்தல் குறைந்தது 28 நாட்களின் பின்னரே நடைமுறைக்கு வரும். மேன்முறையீட்டை அதற்கு முன்னரே அனுப்பிவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் ஏற்கப்படாது. பெற்றோருக்குக் கடிதங்களை வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் முதலில் திகதியைப் பார்க்க வேண்டும்.

‘நான்கு வருடம் சத்தமில்லாமல் இருந்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அக்காலம் பத்து ஆண்டுகளாக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் முடிந்த வேலைகளுக்கும் தனி வீடாக்கிய மாற்றங்களுக்கும் மட்டுமே பழைய நான்காண்டு விதி பொருந்தும். அதுவும் மறைத்துச் செய்தவருக்கு உதவாது. ஹேர்ட்போர்ட்ஷயரில் வைக்கோற் களஞ்சியம் என்று அனுமதி பெற்று, உள்ளே முழு வீடொன்றை அமைத்து நான்காண்டுகள் வாழ்ந்தவரின் கோரிக்கையை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. கட்டட ஒழுங்குவிதி மீறலுக்கான ஓராண்டு அவகாசமும் 2023 ஒக்ரோபர் முதல் பத்தாண்டாயிற்று.

முதியோருக்காக முறைப்படி செய்பவருக்கு ஒரு சலுகையும் உண்டு. தனி வசதிகளுள்ள இணைப்புக்குத் தனியாகக் கவுன்சில் வரி மதிப்பிடப்படலாம். எனினும் அங்கு வசிப்பவர் வீட்டாரைச் சார்ந்த, 65 வயதைக் கடந்த உறவினராயின் அவ்வரியிலிருந்து விலக்குப் பெறலாம். விண்ணப்பித்தாலன்றி அது கிடைக்காது.

ஏற்கெனவே அறிவிக்காமற் செய்துவிட்டவர்களுக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. 1985 நவம்பர் 11-இன் பின் நடந்த வேலைகளுக்குக் கவுன்சிலிடம் ஒழுங்குபடுத்தற் சான்றிதழ் கோரலாம். அலுவலர் வந்து பார்ப்பார். பூசிய சுவரின் ஒரு பகுதியை உடைத்துக் காட்டச் சொல்லவும், தரையைத் தோண்டச் சொல்லவும் கூடும். செலவு ஏற்படும். வீட்டை விற்க முற்பட்ட பின் அவசரத்தில் விண்ணப்பிப்பதைவிட, அம்மம்மா அந்த அறையில் அடுத்த குளிர்காலத்தைக் கழிப்பதற்கு முன் விண்ணப்பிப்பது உசிதம்.