கழிவு எப்போது எருவாகும்?



உதியன்குளங்கரையிலும் சுற்று ஊர்களிலும் பலருக்கு இருப்பது சிறிய நிலம். அதற்குள்ளேயே வீடு, கிணறு, கக்கூஸ். அதற்குள்ளேயே வாழை, தென்னை, மரச்சீனி. கக்கூஸ் குழி நிறைந்தால் என்ன செய்வது? இது நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி.

"அள்ளி வாழை மூட்டில் கொட்டினால் நல்ல உரம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். இது பாதி உண்மை. மலத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் உண்டு. ஆனால் பச்சை மலத்தில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை தரும் கிருமிகளும் இருக்கலாம். குடல்புழு முட்டைகளும் இருக்கலாம். மழை பெய்தால் இவை கிணற்றில் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

அப்படியானால் கழிவு எப்போது எருவாகும்? அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காலம். இன்னொன்று சூடு.

முதலில் காலம். இரட்டைக் குழிக் கக்கூஸில் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட வேண்டும். கழிவை அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியை 2 ஆண்டு தொடக் கூடாது. மழைநீரும் உள்ளே இறங்கக் கூடாது. பிறகு திறந்தால் நாற்றம் இராது. தேயிலைத் தூள் போல் உதிரும். 2017-ல் தெலங்கானாவில் உள்ள கங்கதேவிபள்ளியில், மத்திய அரசின் செயலர் பரமேசுவரன் ஐயர் தாமே இப்படிப்பட்ட குழியில் இறங்கி எருவை அள்ளினார். ஊர் மக்களின் அருவருப்பு போகவேண்டும் என்பதற்காகச் செய்தார்.

அடுத்தது சூடு. தொட்டிக் கழிவை முதலில் உலர்த்துவார்கள். அதில் ஒரு கூடைக்கு மூன்று கூடை சருகு, வைக்கோல், நறுக்கிய வாழைத்தண்டு என்று கலந்து குவிப்பார்கள். சருகு ஏன்? அது குவியலுக்குள் காற்று போக வழி விடும். காற்று கிடைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். குவியல் சூடேறும். 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது சூடு நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பதும் சூடேற, குவியலைப் புரட்டிப் போட வேண்டும். அப்போதுதான் கிருமியும் புழு முட்டையும் சாகும். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் தொட்டிக் கழிவை உலர்த்தி, ஊர்க் குப்பையோடு சேர்த்து எருவாக்கினார்கள்.

இந்த இரண்டாவது வழி வீட்டில் செய்யும் வேலை அல்ல. சூடு அளக்கக் கருவியும், பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். நம் தொட்டிக் கழிவு லாரியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயு உயிரைக் குடிக்கும்.

ஆறிய குழி எருவை வாழைக்கும் தென்னைக்கும் இட்டு, மண்ணால் மூடுங்கள். கீரைக்கும் வெள்ளரிக்கும் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

லாரி கழிவை எடுத்துப் போனால் நம் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். இரவில் அதை வாய்க்காலில் கொட்டினால், அது திரும்பவும் நம் கிணற்றுக்கே வரும். "இதை எங்கே கொண்டு போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்த கிராமசபையிலும் இதே கேள்வியை எழுப்புங்கள். படிக்கவும் எழுதவும் கற்றோம். கேட்கவும் கற்போம்.