தனித்து உண்ணாதவர்கள்



உரோமாபுரியைக் கி.பி. 161 முதல் 180 வரை ஆண்டவர் மார்க்கஸ் அரேலியஸ். ஒரு பக்கம் கொள்ளைநோய், மறுபக்கம் தன்யூப் நதிக்கரையில் போர். கஜானா காலி! மக்கள் தலையில் புதுவரி போட்டாரா? அரண்மனைப் பொற்கிண்ணங்களையும் பட்டாடைகளையும் ஏலத்தில் விட்டார் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. தட்டுங்கள், அந்த மனிதனுக்குத் தட்டுங்கள்!

போர்ப்பாசறையில் உட்கார்ந்து தமக்கென்று ஒரு குறிப்பேடு எழுதினார். முதல் பகுதி முழுக்க நன்றிதான். தாய்க்கு நன்றி, ஆசிரியருக்கு நன்றி. தத்துவஞானி எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். அவருடைய உரைகளைப் படிக்கக் கொடுத்தவருக்கும் நன்றி! சக்கரவர்த்தி எழுதுகிறார், ஐயா!

ஆனால் நம் ஊர் மாக் மண்டினில் சிலர் இருக்கிறார்கள். பள்ளிக்கு நாலு நாற்காலி வாங்கிக் கொடுப்பார்கள். நாலின் முதுகிலும் தங்கள் பெயரைப் பெயிண்டில் எழுதுவார்கள். பிள்ளை சாய்ந்தால் முதுகில் இவர் பெயர்! யார் என்று நான் சொல்லவில்லை; உங்களுக்கே தெரியும்.

இதே ஊரில் இன்னொருவரும் இருக்கிறார். தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, சிவந்த கண்ணோடு வந்து, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பெயரைச் சொல்லமாட்டேன்; சொன்னால் என்னோடு பேசமாட்டார். எத்தனையோ பிள்ளைகள் அவர் கையால் கரையேறினார்கள்!

அவரைப் பற்றித்தான் நம் பாண்டியன் ஒருவன் அன்றே பாடிவைத்தான். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி! அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள், பழி வருமென்றால் உலகையே தந்தாலும் வாங்காதவர்கள், பிறருக்காக உழைப்பவர்கள். இவர்களால்தான் உலகம் நிற்கிறது என்றான். அவனைக் கடல் கொண்டது. பாட்டைக் கொள்ள முடிந்ததா? உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். 182ஆம் பாட்டாக அவன் இன்றும் நம் வீட்டில் இருக்கிறான்!

மறுபடி உரோமாபுரிக்கு வருவோம். அரேலியஸின் மகன் கொமோடஸ், அப்பன் காத்த நல்லாட்சியைக் கெடுத்தான். அரியணையைக் கொடுத்துவிடலாம், குணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கித்தான் கொடுக்கவேண்டும். அந்த நைட் ஷிப்ட்காரர் செய்வது அதைத்தான். ஒற்றை ஆளாகச் செய்கிறாரே, அதுதான் என் மனக்குறை!

வருகிற சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வாருங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்கு, தமிழ் தெரிந்தவர் தமிழ், மலாய் தெரிந்தவர் மலாய் சொல்லிக் கொடுங்கள். மாலையும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. பிள்ளைகள் காத்திருப்பார்கள், அவசியம் வாருங்கள்!