பழைய காரும் பதிவுப் பரிசோதனையும்

பழைய கார் ஒன்றைப் பாசத்தோடு வைத்துக் காப்பாற்றி வருகிறவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பதிவுச் சான்றிதழில் குறித்துள்ள கெடு எப்பொழுது முடிகிறது என்பதே அது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன்பின் வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தாரிடம் காட்டி, பரிசோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த 5 ஆண்டு கழிந்ததும் மறுபடியும் அதே பரிசோதனை.

என் நண்பர் ஒருவருக்கு அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற 1984-ஆம் ஆண்டு அம்பாஸடர் இருக்கிறது. கெடு நெருங்கியதும் அவர் வண்டியை முதலில் ஒப்படைத்தது வர்ணம் பூசுபவரிடம். பழைய வர்ணம் முழுவதும் சுரண்டப்பட்டது. பள்ளங்கள் பட்டி வைத்து நிரப்பப்பட்டன. வெண்மை நிறம் கண்ணாடிபோல் மின்னியது. இருக்கைகளுக்குப் புது உறையும் தைத்துப் போட்டார். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துபோயிற்று.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி வர்ணத்தை ஏறிட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லையாம். முன்னிருக்கைக்கு அடியிலிருந்த விரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். பொருபொருவென்று துரு உதிர்ந்தது. பிறகு ஆசனத்தில் அமர்ந்து, பிரேக்கை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. அவ்வளவுதான், வண்டி திருப்பி அனுப்பப்பட்டது. நண்பருக்குக் கோபம் தாங்கவில்லை. அன்று மாலை மெக்கானிக் ஒருவர் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டிய பிறகுதான் அந்தக் கோபம் தணிந்தது. சிலிண்டரிலிருந்து கசிந்த எண்ணெயில் பிரேக் லைனிங் ஊறிக் கிடந்தது. தம் மகளை அந்த வண்டியில்தான் நாள்தோறும் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தார்.

இந்தக் காரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அந்த அதிகாரி ஏன் தரையைத் தொட்டுப் பார்த்தார் என்பது விளங்கும். அம்பாஸடர், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரையில் உற்பத்தி செய்யப்பட்டது. லாரிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டம் இதற்கு இல்லை. தகடுகளை வளைத்து ஒட்டிச் செய்த கூடே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பாகமும், தரைத்தகடும், பின்புற வில்பட்டை வந்து மாட்டும் இடமும் துருவேறினால், வண்டியின் முதுகெலும்பே நைந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். மழைநீர் தேங்குவதும் இவ்விடங்களில்தான். இங்கே பட்டி வைத்து மூடுவது ஏமாற்று வேலை. அதிலும் ஏமாறுகிறவர் வண்டிக்குச் சொந்தக்காரரே. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும் வரையில் வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் அரமோ சாணைச் சக்கரமோ படவே கூடாது. அலுவலகத்தார் அந்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது வழக்கம். எண் தேய்ந்துபோனால் எவ்வளவு நல்ல வண்டியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். எஞ்சின் எண்ணுக்கும் இது பொருந்தும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திய அம்பாஸடர்கள் நாட்டில் ஏராளம். அம்மாறுதல் சான்றிதழில் பதிவாகியிருக்கிறதா என்பதைச் செலவு செய்யுமுன் பார்த்துக்கொள்வது நலம். நிறமும் சான்றிதழில் கண்டபடியே இருக்கட்டும்.

இனி பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்குகிறது. ரப்பர்க் கிண்ணங்கள் அக்குழிகளில் உராய்ந்து கிழிகின்றன. பழைய வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்வது ஒரே சுற்றில்தான். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் கைவிட்டுவிடும். ஆகையால் கசியும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடையலாகாது. மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களையும் திறந்து பார்த்து, குழி விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு, ரப்பர்க் குழாய்கள் உட்பட யாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். லைனிங்கை ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சில ஊர்களில் இப்பொழுது உருளைகளின்மேல் சக்கரத்தை நிறுத்தி, இடது வலது பிரேக்கின் வலிமையை எந்திரமே அளந்து சொல்லிவிடுகிறது. அங்கே சாமர்த்தியப் பேச்சுக்கு இடமில்லை.

ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்பது 1989-ஆம் ஆண்டு விதி. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விளக்குகள் மங்கி எரிந்தால் பல்பைக் குறை சொல்வதற்கு முன்னால், எர்த் கம்பி மாட்டியுள்ள இடத்தின் துருவைச் சுரண்டிப் பாருங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

புகை விஷயத்தில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். இத்தகைய பழைய பெட்ரோல் கார் மெதுவாக ஓடி நிற்கும்போது, வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகச் செல்கிறது என்று பொருள்; காற்று வடிகட்டியையும் கார்புரேட்டரையும் கவனித்தால் போதும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்திருக்கும். இது பணச்செலவுள்ள காரியம். எதுவாயினும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே புகையை அளக்கச் சொல்லுங்கள்.

உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அம்பாஸடரைப் பொறுத்தமட்டில் கவலையில்லை. கல்கத்தா மல்லிக் பஜார் போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். ஆனால் பிரேக் சம்பந்தப்பட்ட ரப்பர்ப் பொருள்களைப் பழையதாக வாங்காதீர்கள்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் முதல் காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று ஏற்பட்டது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. கெடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பம் செய்துகொள்ளலாம். தாமதித்தால் அபராதம் உண்டு. தில்லி வட்டாரத்தில் இருப்பவர்கள் ஒரு காசு செலவழிக்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் அங்கே ஓடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. 2025-இலும் அவ்வழக்கில் புதிய உத்தரவுகள் பிறந்தன. 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதல் செய்யப்படாத கார்களுக்குத் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவு முறை 2021-இல் வந்துள்ளது. ஆனால் அவற்றை அன்றாடப் பிரயாணத்திற்கு ஓட்ட முடியாது.

என் நண்பர் மூன்று மாதம் கழித்து மறுபடியும் வண்டியைக் கொண்டுபோனார். அதிகாரி பிரேக்கை மிதித்தார். மிதி பாதி வழியில் கல்போல் நின்றது. கதவுகளுக்குக் கீழே புதிதாக வெல்டிங் செய்த இடத்தில் மட்டும் வெள்ளை வர்ணம் இல்லை. அடிப்பூச்சின் செந்நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பணம் மிஞ்சவில்லை என்கிறார்.